‘லெட்ஸ் டேபிள் இட்’: பேச எடுப்பதா, பேசாமல் விடுவதா?

ஒயிட்ஃபீல்டு வாசகி எழுதியது:

பெங்களூரில் இருக்கும் நம்மவர்களில் பலர் அயல்நாட்டுக்காரர்களோடு பேசித்தான் பிழைக்கிறோம். அதனால் இந்தக் கேள்விக்கு இங்கே பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கை.

எங்கள் வாடிக்கையாளருக்கு லண்டனில் ஒரு அலுவலகம், சிகாகோவில் ஒன்று. வியாழக்கிழமை இரவு எட்டரைக்கு மூன்று ஊர்க்காரர்களும் இணையத்தில் கூடுவோம். அப்போது லண்டனில் மாலை நான்கு மணி, சிகாகோவில் காலை பத்து. போன கூட்டத்துக்கு முன்பு லண்டன் மேலாளர் ஒரு வரி அனுப்பியிருந்தார். பணத்தைத் திருப்பித் தரும் பகுதியில் செய்ய வேண்டிய மாற்றத்தை வியாழக்கிழமை ‘டேபிள்’ செய்யலாம் என்பதுதான் அந்த வரி. விவாதத்துக்கு எடுக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, நாங்கள் கணக்கு வழக்கோடு தயாராகப் போய் உட்கார்ந்தோம். அதே வரியைப் படித்த சிகாகோ மேலாளர் நிகழ்ச்சி நிரலிலிருந்து அந்த விஷயத்தையே நீக்கிவிட்டிருந்தார். நாங்கள் பேச்சைத் தொடங்கியதும், “இது இப்போது வேண்டாம் என்று லண்டன் சொல்லிவிட்டதே, உங்கள் குழு ஏன் இன்னும் இதில் நேரத்தைச் செலவிடுகிறது?” என்று கேட்டார். லண்டன்காரர் விழித்தார். யாரும் யாரையும் திருத்தவில்லை. பதினைந்து நிமிடம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கலைந்தோம்.

இதுவரை பரவாயில்லை. மறுநாள் எங்கள் மேலாளர் எல்லார் முன்னிலையிலும், “நம் பிள்ளைகளுக்கு இன்னும் ஆங்கிலம் பிடிபடவில்லை” என்று சொன்னார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? எங்களுக்குத்தான் தெரியவில்லையா?

---

திரும்பி வந்தவன் எழுதியது:

இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ‘டேபிள் இட்’ என்றால் ஒத்திவைப்பது. அமெரிக்காவில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். வேறு பொருளில் ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. பேச்சு இழுத்துக்கொண்டே போகும்போது, “இதை இப்போதைக்கு டேபிள் செய்வோம்” என்பார்கள். எல்லாரும் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

---

அல்சூர் பெரியவர் எழுதியது:

தம்பி திரும்பி வந்தவனே, அமெரிக்காவில் கேட்டதில்லை என்பது சரி. விதான சௌதா பக்கம் ஒருமுறை வந்திருந்தால் கேட்டிருப்பீர்கள்.

நான் சட்டமன்றச் செய்தி எழுதியே காலம் தள்ளியவன். எங்கள் தொழிலில் ‘டேபிள்’ என்றால் அவையில் தாக்கல் செய்வது, அவ்வளவுதான். இதை அலங்காரமாகச் சொன்ன சொல் என்று நினைத்துவிடாதீர்கள். மக்களவையில் சபாநாயகர் இருக்கைக்குக் கீழே, செயலாளர் நாயகம் உட்காரும் இடத்தில் உண்மையிலேயே ஒரு மேசை இருக்கிறது. அவை விதிகளில் அதற்குத் தனியாக விளக்கமும் உண்டு. கேள்வி நேரம் முடிந்து பன்னிரண்டு மணிக்குமேல் பார்த்தால், அமைச்சர்கள் ஒவ்வொருவராக எழுந்து, இன்ன ஆவணத்தை அவையின் மேசையில் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்காருவார்கள். அந்த ஆவணங்கள் ஒழுங்காக, காலத்தில் வைக்கப்படுகின்றனவா என்று பார்ப்பதற்கே இரண்டு அவைகளிலும் தனிக் குழு இருக்கிறது.

தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை ஆண்டுதோறும் தலைப்புச் செய்தி ஆகிறதே, அது எப்படி வெளியே வருகிறது? அரசியலமைப்பின் 151-ஆம் பிரிவின்படி, குடியரசுத் தலைவர் அதை நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளின் முன்பும் வைக்கச் செய்ய வேண்டும். மாநில அறிக்கையை ஆளுநர் சட்டமன்றத்தின் முன்பு வைக்கச் செய்ய வேண்டும். வைத்த பிறகுதான் நிருபர்கள் கைக்கு வரும். அரசு வகுக்கும் விதிகளும் அப்படித்தான். அவை நடக்கும் காலத்தில் மொத்தம் 30 நாள் அவையின் முன் இருக்க வேண்டும் என்று சட்டங்களிலேயே வழக்கமாக ஒரு பிரிவு எழுதிவிடுவார்கள். உறுப்பினர் பார்க்கட்டும், கேட்கட்டும், வேண்டுமென்றால் திருத்தட்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். ஒரு காகிதத்தை மேசையில் வைப்பது அதை எல்லார் கண்ணிலும் படவைப்பதற்கு. ஒளித்துவைக்க வேண்டுமென்றால் அலமாரி இருக்கிறது.

இந்த வழக்கம் இங்கிலாந்து நாடாளுமன்றத்திலிருந்து வந்தது. அங்கே உறுப்பினர் கேள்வி கொடுப்பதையும் திருத்தம் கொடுப்பதையும் ‘டேபிள்’ செய்வது என்றே சொல்வார்கள். கனடாவிலும் நாடாளுமன்றத்தில் இதே பொருள்தான். ஆகவே வாசகி அம்மா, உங்கள் குழு படித்த ஆங்கிலம் சரியான ஆங்கிலமே. அதே மேலாளர் நாளைக் காலை செய்தித்தாளில் ‘பில் டேபிள்டு’ என்று படித்தால், மசோதாவைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டார்கள் என்றா புரிந்துகொள்வார்?

---

திரும்பி வந்தவன் எழுதியது:

ஐயா, நாடாளுமன்றம் வேறு, மென்பொருள் அலுவலகம் வேறு. வாசகியின் வேலைக்குச் சம்பளம் தருகிறவர் மக்களவைச் செயலாளர் இல்லையே. காசு எந்த ஊரிலிருந்து வருகிறதோ, அந்த ஊர்ப் பொருளில் புரிந்துகொள்வதுதான் பிழைக்கும் வழி.

---

கோரமங்களா குமாஸ்தா எழுதியது:

காசு இரண்டு ஊரிலிருந்தும் வருகிறது என்றல்லவா அவர் சொல்கிறார்? மாதத்தில் பாதி நாள் ஒரு பொருள், மீதி நாள் இன்னொரு பொருள் என்று வைத்துக்கொள்ளலாமா?

---

ஜயநகர் பொறியாளர் எழுதியது:

வாசகி, உங்கள் குழுவுக்கு நடந்தது உலகப் போரின் நடுவிலேயே நடந்திருக்கிறது. அதனால் மனம் வருந்த வேண்டாம்.

சர்ச்சில் இரண்டாம் உலகப் போரைப் பற்றி எழுதிய வரலாற்றின் மூன்றாம் தொகுதியில் இது வருகிறது. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியதும் அவர் கப்பலேறி வாஷிங்டன் போனார். அங்கே இரண்டு நாட்டுத் தளபதிகளும் கூடிப் பேசினார்கள். பிரிட்டிஷ் தரப்பு ஒரு குறிப்பை அவசரமாக எடுத்துப் பேச விரும்பி, அதை ‘டேபிள்’ செய்கிறோம் என்று சொன்னது. அமெரிக்கத் தரப்புக்கு அது, குறிப்பை இழுப்பறையில் போட்டு மறந்துவிடுகிறோம் என்று கேட்டது. அமெரிக்கர்கள் கூடாது என்றார்கள். அவர்களும் அதை உடனே பேச வேண்டும் என்றே நினைத்திருந்தார்கள். நெடுநேரம் காரசாரமாக வாதாடிய பிறகுதான், இருவர் விருப்பமும் ஒன்றே என்பது தெரியவந்ததாம். பெற்ற தாயிடமிருந்து அந்த மொழியைக் கற்றவர்களே போரின் நடுவில் இப்படி முட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மேலாளரிடம் இதைச் சொல்லுங்கள்.

அமெரிக்கப் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என் தொழிற்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹென்றி மார்ட்டின் ராபர்ட் அமெரிக்க இராணுவத்தின் பொறியாளர். 1863-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும்படி அவரை அழைத்தார்கள். கூட்டத்தை எப்படி நடத்துவது என்று அவருக்குத் தெரியாது. கூட்டம் ஒரே களேபரமாகிவிட்டது. இனி இதைக் கற்றுக்கொள்ளாமல் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை என்று உட்கார்ந்து படித்தார். அதன் விளைவு 1876-இல் வெளிவந்த கூட்ட நடைமுறை விதிநூல். அமெரிக்காவில் சிறு சங்கத்திலிருந்து பெரிய மாநாடு வரை பல அமைப்புகள் இன்றும் அதைத்தான் புரட்டுகின்றன. 2020-இல் பன்னிரண்டாம் பதிப்பு வந்தது. (மனிதர் அதோடு நிற்கவில்லை. 1900-இல் புயலில் கால்வெஸ்டன் நகரம் அழிந்தபோது, அங்கே கடல்சுவர் எப்படி எழுப்ப வேண்டும் என்று திட்டமிட்ட குழுவிலும் இருந்தார். பொறியியல் கல்லூரியில் எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.)

அந்த விதிநூலில் ‘மேசையில் கிடத்துவது’ ஒரு தனித் தீர்மானம். ஒரு விஷயம் பேசிக்கொண்டிருக்கும்போது அதைவிட அவசரமான ஒன்று குறுக்கிட்டால், பேசிக்கொண்டிருந்ததைத் தற்காலிகமாக மேசையில் வைத்துவிட்டு, வந்த வேலையை முடித்த பின் திரும்ப எடுப்பதற்கான வழி அது. ஒருவர் சொல்லி இன்னொருவர் வழிமொழிந்தால் போதும். விவாதமே கிடையாது, நேரே வாக்கெடுப்பு. பாதிக்கு மேல் ஆதரித்தால் நிறைவேறிவிடும். விவாதம் கிடையாது என்ற இந்த வசதிதான் வினையாகப் போனது. பிடிக்காத தீர்மானத்தை எதிர்த்துப் பேசி வெல்ல முடியாதவர்கள், “மேசையில் கிடத்துவோம்” என்று சொல்லி அதன் வாயைக் கட்டிவிடுவார்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் யாரும் திரும்ப எடுக்காவிட்டால் தீர்மானம் செத்துப்போகும். கொல்லுவதற்காக இதைப் பயன்படுத்துவது முறையல்ல, தள்ளிவைக்க வேண்டுமென்றால் அதற்கென்று வேறு தீர்மானம் இருக்கிறது என்று அந்த விதிநூலே கண்டிக்கிறது. யார் கேட்கிறார்கள்?

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். அங்கே ஒரு தீர்மானத்தை ‘டேபிள்’ செய்தால் அது அதோடு முடிந்தது. ஒத்திவைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. விவாதமில்லாமல் நிராகரித்ததாகவே பொருள்.

ஆகவே திரும்பி வந்தவர் சொல்வதுபோல் அமெரிக்கப் பொருள் ஒன்றே ஒன்று என்பதும் இல்லை. தற்காலிகமாக ஓரம் வைப்பது, காலவரையின்றி ஒத்திப்போடுவது, அடித்து மூடிவிடுவது என்று அதிலேயே மூன்று நிலை உண்டு. சிகாகோக்காரர் எந்த நிலையில் எடுத்துக்கொண்டார் என்பது, “ஏன் இன்னும் நேரம் செலவிடுகிறீர்கள்” என்ற கேள்வியிலேயே தெரிகிறது.

---

அல்சூர் பெரியவர் எழுதியது:

அருமை, பொறியாளரே. நம் மொழியில் இந்த மூன்றுக்கும் தனித்தனியே சொல் இருக்கிறது: ஆறப்போடுவது, கிடப்பில் போடுவது, ஊற்றி மூடுவது. இதில் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை யாரும் புரிந்துகொள்வதில்லை. தாக்கல் என்ற சொல்லும் வெளியிலிருந்து வந்ததுதான். பாரசீகம் வழியாக வந்த ‘தாகில்’, நம் கச்சேரிகளில் புழங்கித் தாக்கல் ஆனது. இங்கே கன்னடப் பத்திரிகைகள் ‘மண்டனெ’ என்று எழுதும். மசோதா ‘மண்டனெ’ என்று சுவரொட்டியில் பார்த்தால் யாருக்கும் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் அந்த ஆங்கில மேசையில்தான்.

---

கோரமங்களா குமாஸ்தா எழுதியது:

நாம் மட்டும் என்ன வாழ்ந்தது? புறப்படும்போது “வருகிறேன்” என்று சொல்லிவிட்டுத்தானே போகிறோம்! என் வீட்டுக்கு வந்த ஒரு வடநாட்டு நண்பர், அத்தை “வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனதைக் கேட்டு, மாடியில் ஏதோ எடுக்கப் போயிருக்கிறார் என்று காத்துக்கொண்டிருந்தார். கன்னடக்காரர்களும் ‘பர்த்தீனி’ என்றுதான் விடைபெறுகிறார்கள். அதனால் இந்த ஊரில் நமக்குப் பிரச்சினை வந்ததில்லை.

---

சர்ஜாப்பூர் சாலை செயலாளர் எழுதியது:

அலுவலகம், நாடாளுமன்றம் எல்லாம் பெரிய இடம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்குழுவில் நடந்ததைக் கேளுங்கள்.

கோடை தொடங்கும் முன் கூட்டம் போட்டோம். ஆழ்துளைக் கிணறு கையை விரித்துவிட்டது. காவிரிக் குழாய் இன்னும் எங்கள் வாசலுக்கு வரவில்லை. லாரித் தண்ணீர்தான் கதி. லாரிக்காரர் விலையை உயர்த்திக் கடிதம் கொடுத்திருந்தார். புதிய விலையை ஏற்பதா, வேறு ஆளைப் பார்ப்பதா என்பதுதான் அன்றைய முதல் விஷயம். தலைவர் நியூ ஜெர்சியில் குடும்பத்தோடு இருந்துவிட்டு வந்தவர். கடிதத்தைப் படித்துவிட்டு, “வி வில் டேபிள் திஸ்” என்றார். உடனே முதல் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி, பழுப்பு உறையிலிருந்து நான்கு லாரிக்காரர்களின் விலைப்பட்டியலை எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்ப ஆரம்பித்துவிட்டார். தலைவர், “சார், அதைத்தான் டேபிள் செய்துவிட்டோமே” என்கிறார். அவர், “அதற்காகத்தானே எடுத்து வைக்கிறேன்” என்கிறார். இரண்டு பேருக்கும் குரல் ஏறுகிறது. பின்வரிசையில் எல்லாரும் சிரிக்கிறார்கள். அந்த இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

இதைவிடப் பெரிய வம்பு பின்னால் வந்தது. நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் அப்போதைய செயலாளர் ‘டாங்கர் ரேட் டேபிள்டு’ என்று மூன்றே சொல் எழுதி வைத்திருந்தார். கணக்கர் அதைப் படித்து, புதிய விலை பொதுக்குழுவில் வைத்து ஏற்கப்பட்டுவிட்டது என்று முடிவுசெய்து, உயர்ந்த விலைக்கே பணம் பட்டுவாடா செய்துகொண்டிருந்தார். அடுத்த கூட்டத்தில் வரவு செலவு படித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. முதலில் கணக்கரைத் திட்டினார்கள். பிறகு தலைவரைத் திட்டினார்கள். யார் பக்கம் தப்பு என்று இன்றுவரை முடிவாகவில்லை. இரண்டு பேரும் மின்தூக்கியில் ஒன்றாக ஏறுவதில்லை.

நான் பொறுப்பேற்றதும் குறிப்பேட்டில் அந்தச் சொல்லுக்கே தடை போட்டேன். ஒவ்வொரு விஷயத்துக்கும் எதிரே மூன்று கட்டம்: என்ன முடிவு, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். ஒத்திவைப்பதானால் எந்தத் தேதிக்கு என்று எழுதியாக வேண்டும். தேதி சொல்ல முடியாவிட்டால், ‘கைவிடப்பட்டது’ என்று எழுதுவேன் என்று அறிவித்துவிட்டேன். அதன்பிறகு தேதிகள் தாமாக வந்து விழுகின்றன!

---

திரும்பி வந்தவன் எழுதியது:

செயலாளர் சொன்ன முறை நன்றாக இருக்கிறது. ஆனால் அது நம் குறிப்பேட்டுக்கு. வாடிக்கையாளர் வாயில் வரும் சொல்லுக்கு நாம் தடை போட முடியுமா? லண்டன்காரரிடம் போய், “உங்கள் சொல் சிகாகோவில் வேறு பொருள் தரும்” என்று பாடம் நடத்தினால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தீர்களா?

---

மல்லேஸ்வரம் டீச்சர் எழுதியது:

பாடம் நடத்துகிறவள் வந்துவிட்டேன். (நாற்பது பிள்ளைகள் முன்னால் ஆங்கில இலக்கணம் நடத்தியதில் எனக்கு அடக்கம் கொஞ்சம் குறைந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? இந்தச் சண்டை வினைச்சொல்லில் மட்டும்தான். ‘ஆன் தி டேபிள்’ என்று பெயர்ச்சொல்லாகச் சொன்னால் இரண்டு நாட்டிலும் ஒரே பொருள்: பேச்சுக்கு இருக்கிறது, இன்னும் திறந்திருக்கிறது. ‘ஆஃப் தி டேபிள்’ என்றால் இரண்டு நாட்டிலும் பேச்சுக்கே இடமில்லை. ஆக, அமெரிக்கர் ஒரு யோசனையை ‘டேபிள்’ செய்தால் அது ‘ஆன் தி டேபிள்’ நிலையை இழந்துவிடுகிறது! பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், “டீச்சர், அப்போது எது எங்கே இருக்கிறது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

இனி உங்களுக்கு உதவக்கூடிய விஷயம். பெரும்பாலும் அக்கம்பக்கச் சொற்களே காட்டிக்கொடுத்துவிடும். ‘ஃபார் நவ்’ என்றோ ‘அன்டில் நெக்ஸ்ட் வீக்’ என்றோ பின்னால் வந்தால் ஒத்திவைப்புதான். லண்டன் பொருளில் அந்த வாக்கியமே நிற்காது. ஒரு அறிக்கையை, திருத்தத்தை, கேள்வியை என்று முன்னால் வந்து, குழு அல்லது மன்றத்தின் பெயரும் கூட வந்தால் அநேகமாக முன்வைப்பது. வாக்கியத்தின் நேரமும் துப்பு கொடுக்கும். பேசிக் களைத்த பிறகு சொன்னால் ஒத்திவைப்பு. கூட்டம் தொடங்கும் முன்பே எழுதினால் முன்வைப்பு. வாசகிக்கு வந்த வரி கூட்டத்துக்கு முன்பு வந்தது, நாளும் குறித்திருந்தது. வியாழக்கிழமைவரை பொறுத்திருந்து அன்றைக்கு ஒத்திவைக்கிறோம் என்று யாராவது முன்கூட்டியே எழுதுவார்களா? சிகாகோக்காரர் கொஞ்சம் நிதானித்திருந்தால் அவருக்கே புரிந்திருக்கும். மூன்று ஊரில் அந்த வரியைச் சரியாகப் படித்தது பெங்களூர்தான். இதை உங்கள் மேலாளருக்கு நான் எழுதியதாகவே அனுப்பலாம்.

திரும்பி வந்த தம்பிக்கு: பாடம் நடத்த வேண்டியதில்லை. “சரி, அப்படியானால் வியாழக்கிழமை இதை முதலில் எடுத்துக்கொள்கிறோம், விவரங்களை நாங்கள் கொண்டுவருகிறோம்” என்று எல்லாருக்கும் நகல் போகும்படி ஒரு வரி பதில் போட்டால் போதும். அதில் அந்தச் சொல் வரவே வராது. யாருக்காவது வேறு எண்ணம் இருந்தால் அப்போதே குரல் கொடுத்துவிடுவார்கள். முகமும் வாடாது.

---

எலெக்ட்ரானிக் சிட்டி பையன் எழுதியது:

எங்கள் அலுவலகத்தில் கூட்டம் முடிந்ததும் கணினியே சுருக்கம் எழுதி அனுப்பிவிடுகிறது. போன மாதம் ஒரு லண்டன் கூட்டத்தில் ‘டேபிள்’ என்று வந்த இடத்தில், ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று தானே பொருள் எழுதி அனுப்பிவிட்டது. யாரும் படிப்பதில்லை என்பதால் தப்பித்தோம். டீச்சர் அக்கா சொல்வது சரி. ஒரு வரி பதில் போடுவதே மேல். ‘பார்க் செய்வோம்’ என்கிறார்களே, அதிலும் இந்தக் குழப்பம் உண்டா?

---

மல்லேஸ்வரம் டீச்சர் எழுதியது:

அதில் இல்லை. நிறுத்திவைப்பதுதான், எந்த நாட்டிலும். ‘ஷெல்வ்’ என்பதும் அப்படியே, பரண்மேல் போடுவது. ஆனால் ‘மூட் பாயிண்ட்’ என்று ஒன்று இருக்கிறது, அதில் ஜாக்கிரதை. லண்டனில் வாதத்துக்குரிய விஷயம் என்று பொருள்படும். அமெரிக்காவில் இனிப் பேசிப் பயனில்லாத விஷயம் என்றுதான் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். ‘கொய்ட் குட்’ என்று லண்டன்காரர் பாராட்டினால் உடனே இனிப்பு வாங்கிவிட வேண்டாம். பரவாயில்லை என்ற அளவில்தான் சொல்லியிருப்பார். அமெரிக்கர் சொன்னால் வாங்கலாம்.

---

கோரமங்களா குமாஸ்தா எழுதியது:

என் முந்தைய மேலாளர் லண்டன்காரர். அவர் என்னை இரண்டு வருடம் ‘கொய்ட் குட்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதுதான் அந்தச் சம்பள உயர்வின் கணக்குப் புரிகிறது.

---

ஒயிட்ஃபீல்டு வாசகி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் அக்கா சொன்னபடி இரண்டு ஊருக்கும் சேர்த்து எழுதினேன். அந்தச் சொல்லை எங்கும் சேர்க்கவில்லை. பணம் திருப்பித் தரும் மாற்றத்தை அடுத்த வியாழன் முதல் விஷயமாக எடுக்கலாமா, விவரங்கள் இணைப்பில் உள்ளன என்று மட்டும். லண்டனிலிருந்து ‘ஆமாம், அதைத்தான் சொல்லியிருந்தேன்’ என்று பதில் வந்தது. சிகாகோவிலிருந்து ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. அதோடு, லண்டன்காரருக்குத் தனியாக ஒரு வரி: “உங்கள் மேசையும் எங்கள் மேசையும் வேறு போலிருக்கிறது.” சர்ச்சில் கதையை நான் அனுப்பலாமா என்று யோசித்தேன். அவர்களே அனுப்பிக்கொண்டுவிட்டார்கள்.

எங்கள் மேலாளர் அந்த மின்னஞ்சலில் இருந்தார். பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆங்கிலம் பிடிபடவில்லை என்ற பேச்சை எல்லார் முன்னிலையிலும் சொன்னவர், அதைத் திரும்பப் பெறுவதையும் எல்லார் முன்னிலையிலும் செய்திருக்கலாம் என்பது என் எண்ணம். கேட்கத்தான் போகிறேன்.

இப்போது புதிய தலைவலி. அடுத்த வாரம் லண்டனில் வெள்ளிக்கிழமை விடுமுறை, வியாழன் பலர் இருக்கமாட்டார்கள். கூட்டத்தை ‘இரண்டு நாள் ஃபார்வர்டு’ நகர்த்தலாம் என்று எழுதியிருக்கிறார்கள். செவ்வாயா, சனியா? சனியாக இருக்க முடியாது என்று தெரியும். ஆனால் புதன்கிழமைக் கூட்டமாக இருந்திருந்தால் என்ன செய்வது?

---

மல்லேஸ்வரம் டீச்சர் எழுதியது:

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். லெரா பொரோடிட்ஸ்கி என்ற உளவியலாளரும் மைக்கேல் ராம்ஸ்காரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் இதையேதான் கேட்டார்கள்: புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் ‘முன்னால்’ நகர்த்திவிட்டோம், இப்போது என்றைக்கு? திங்கள் என்று சிலர், வெள்ளி என்று சிலர். ரயில் பயணிகளிடமும் விமான நிலையத்தில் இருந்தவர்களிடமும் கேட்டுப் பார்த்தார்கள். பயணத்தின் நினைப்பில் இருப்பவர்கள் வெள்ளி என்று சொல்வது கூடுதலாக இருந்தது. தாம் காலத்துக்குள் முன்னேறிப் போவதாக எண்ணுகிறவருக்கு முன்னால் என்பது பிந்தைய நாள். காலம் தம்மை நோக்கி வருவதாக எண்ணுகிறவருக்கு முந்தைய நாள்.

போக்குவரத்து நெரிசலுக்குப் பேர்போன நம் சில்க் போர்டு சந்திப்பில் நிற்பவர்களிடம் கேட்டால் எந்த நாளும் நகராது என்பார்கள்.

---

அல்சூர் பெரியவர் எழுதியது:

இதற்குத்தான் நம் நாட்டுக்காரன் ‘ப்ரீபோன்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தான். வெள்ளைக்காரன் சிரித்தான். ‘போஸ்ட்போன்’ பின்னுக்கு, ‘ப்ரீபோன்’ முன்னுக்கு. இரண்டாம் பொருளுக்கே இடமில்லை. இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இருக்கிறது. வாசகி அம்மா, “செவ்வாய்க்கு ப்ரீபோன் செய்கிறோம்” என்று தைரியமாக எழுதுங்கள்.

---

திரும்பி வந்தவன் எழுதியது:

ஐயா, அதை மட்டும் எழுத வேண்டாம். சிகாகோவில் ஒருவருக்கும் புரியாது. ‘செவ்வாய் இரவு எட்டரை, பெங்களூர் நேரம்’ என்று எழுதினால் போதும்.

---

அல்சூர் பெரியவர் எழுதியது:

நாளையும் மணியையும் எழுதச் சொன்னதில் உங்களோடு உடன்படுகிறேன், தம்பி. ‘ப்ரீபோன்’ விஷயத்தில் உடன்படமாட்டேன். அவர்கள் மேசையின் இரண்டு பொருளையும் நாம் கற்றுக்கொண்டோம். நம் சொல் ஒன்றை அவர்கள் கற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

---

நெறியாளர் எழுதியது:

‘ப்ரீபோன்’ சண்டைக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே தொடருங்கள். சர்ஜாப்பூர் சாலை செயலாளர், அந்த மூன்று கட்டக் குறிப்பேட்டின் மாதிரிப் பக்கத்தைப் பலர் கேட்கிறார்கள். பெயர்களை மறைத்துவிட்டு இங்கே ஏற்ற முடியுமா?

---

சர்ஜாப்பூர் சாலை செயலாளர் எழுதியது:

ஏற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள்.